செக்ரோலில் இல்லாத பெயர்கள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் இப்பால், அரிசிக் கடைக்கும் தையற்கடைக்கும் நடுவில், காலால் மிதித்து ஓட்டும் அச்சு யந்திரம் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் ஒரு முஸ்லிம்; அவரை ஊரே நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டது, நானும் அப்படித்தான். கலியாணக் கடிதமும் கடை பில்லும் அடித்து வரும் காசில் அவர் பாட்டுப் புத்தகம் போடுவார். யாரோ ஒருவர் புதிதாக எழுதிக்கொண்டு வந்ததை அச்சில் பார்ப்பதில் அந்த மனுஷனுக்கு அப்படியொரு பைத்தியம். லாபமா? அதை அவர் வீட்டில் கேட்டிருக்க வேண்டும், நல்ல பதில் கிடைத்திருக்கும்.

முப்பதுகளின் தொடக்கம் அது. நான் கண்டியில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, சாமியார் தயவில் படித்தவள். ஒரு சிந்து எழுதி வைத்திருந்தேன். இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனம் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மலைக்கு நடந்து வந்த காலத்துக் கதை. அந்தப் பாதை நான் பிறப்பதற்கு முன்பே மூடிப்போனது. லயத்தில் பெரியவர்கள் பேசக் கேட்டதுதான் எனக்குத் தெரியும். என் பாட்டில் ஓர் அக்காளும் தங்கையும் நடந்து வருவார்கள். தங்கைக்குக் காய்ச்சல் கண்டுவிடும். கூட்டம் நிற்காது. எனக்கு அது முதல் புத்தகம். அது முழுசாக வெளிவர வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

புத்தகம் போட அப்போது ஒரு வழக்கம் இருந்தது. முன்பணம் தருகிறவர்களின் பெயர்களை முதல் பக்கங்களில் அச்சிட்டுவிடுவோம். டவுனில் ஒரு முதலாளி காகிதம் முழுவதையும் தானே வாங்கித் தருவதாகச் சொன்னார். பிறகு மெல்ல, தன்மேல் வாழ்த்துப்பாக்கள் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னார். கூலிக்கு மாரடிக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இதைக் கேட்டு நானா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒங்கட வாய் ஈக்கிதே டீச்சர், அதுக்கே தனியா ஒரு அச்சுக்கூடம் வேணும்” என்றார்.

ஆனால் அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு பெரிய தாளில் அடித்து மடித்தால் கிடைக்கும் பக்கங்களை ஒரு பாரம் என்போம். கையிலிருந்த காகிதத்தில் முதல் பாரத்தை மட்டும் அடித்து விற்பது. அந்தக் காசில் அடுத்த பாரத்துக்குக் காகிதம் வாங்குவது. அச்செழுத்துகளும் கொஞ்சம்தான் என்பதால், அடித்த பாரத்தைக் கலைத்துத்தான் அடுத்ததைக் கோர்க்க முடியும். வாங்கியவர்கள் தாள்களைச் சேர்த்து வைத்துக் கடைசியில் கொண்டுவந்தால், தைத்து அட்டை போட்டுக் கொடுப்பார்.

முதல் பாரத்தைக் கையில் வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ஐயோ! தங்கை பாலை மரத்தடியில் கிடக்கிறாள். அக்காள் கூட்டத்தோடு நடந்தவள் திரும்பிப் பார்க்கிறாள். அதோடு தாள் முடிந்துவிட்டது.

“நல்லாச் செஞ்சீங்க போங்க நானா! காய்ச்சல்காரியைக் காட்டுல போட்டுட்டுச் சந்தைக்குப் போறீங்களா?”

“காயிதம் முடிஞ்ச எடத்துல பாட்டும் முடிஞ்ச. நான் என்ன செய்ய?”

ரயிலடியில் பாடிப் பாட்டுப் புத்தகம் விற்கும் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு போனார். சம்பளம் போட்ட மறுநாள் தோட்டத்து ஆட்கள் கூடும் இடங்களிலெல்லாம் பாடினார். கட்டு காலியாகித் திரும்பியவர் முகத்தில் களை இல்லை. மிச்சக் கதை எங்கே என்று ஆட்கள் மடியைப் பிடித்து உலுக்குகிறார்களாம்.

அடுத்த ஞாயிறு ஒரு பெண் அச்சுக்கூடத்து வாசலில் நின்றாள். கெலிஓயாப் பக்கத்துத் தோட்டம். தலையில் கம்பளி; நடுவயதைத் தாண்டியவள். வெற்றிலைப் பையிலிருந்து எங்கள் தாளை எடுத்துக் காட்டினாள்.

“இத எழுதுன அம்மா நீங்களா? அந்தத் தங்கச்சி பொழைச்சாளாங்க?”

கையெழுத்துப் பிரதியில் நான் அவளைச் சாகவிட்டிருந்தேன். அதைச் சொல்லாமல், மிச்சம் அச்சானால் தெரியும், காகிதம்தான் இல்லை என்று மழுப்பினேன். நானா முன்பண வழக்கத்தை எடுத்துச் சொன்னார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு ஒரு பெயரைச் சொன்னாள்.

“இது ஒங்கட பேரா?” என்று கேட்டார் நானா.

“இல்லீங்க. என் தங்கச்சி பேரு. நாங்க நடந்து வந்தப்ப அவளும் அப்படித்தான் நின்னுட்டா. எம் பேரு தோட்டத்துச் செக்ரோல் புஸ்தகத்துல இருக்கு. தெனமும் விடியக்காலம் பெரட்டுல ஆள் கணக்கெடுக்கக் கூப்புடுறாங்க, நானும் இந்தா இருக்கேன்னு சொல்றேன். அவ பேரு எங்கயுமே இல்லீங்க.”

யாப்பிலக்கணத்தை உருப்போட்டு, ராத்திரி பகலாக உட்கார்ந்து நான் கட்டிய பாட்டு, இவள் வாழ்ந்ததன் வாசலைக்கூடத் தொடவில்லை என்று பட்டது. நானா எழுத்துப் பெட்டியை இழுத்து, அப்போதே அந்தப் பெயரைக் கோர்க்கத் தொடங்கினார்.

பாட்டு விற்பவர் இதைப் போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஞாயிறுதோறும் ஆட்கள் வந்தார்கள். முன்பணம் தந்தவர்களில் ஒருவர்கூடத் தன் பெயரைச் சொல்லவில்லை. அண்ணன் பெயர், ஆத்தா பெயர், பெயர் வைக்கும் முன்பே போன பிள்ளைக்கு இப்போது வைத்த பெயர். கடவுளே, நான் என்ன எழுதிவிட்டேன் என்று இப்படி வருகிறார்கள் என்று மலைத்துப்போய் நின்றேன். இரண்டாவது பாரம் வந்தது, மூன்றாவதும் வந்தது.

கடைசிப் பாரத்துக்குக் காகிதம் கொஞ்சம் போதவில்லை. எப்படியோ மோப்பம் பிடித்து முதலாளி ஆள் அனுப்பினார். வாழ்த்துப்பா வேண்டாமாம், தன் பெயரும் படமும் முன்பக்கத்தில் வந்தால் போதுமாம். செத்தவர்கள் பெயர்களை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம், புத்தகத்துக்கு அபசகுனமாம். நான் வாயைத் திறப்பதற்குள் நானா முந்திக்கொண்டார்.

“மௌத்தானவங்கதான் இந்தப் பொஸ்தகத்துக்குச் சல்லி தந்தீக்கிறாங்க. உசிரோட ஈக்கிற ஒங்கட மொதலாளியக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்கோ” என்றார்.

கலியாணக் கடிதத்துக்கென்று வாங்கி மிஞ்சிய ரோஸ் காகிதத்தில் பெயர்ப் பக்கங்களை அடித்தார்; இருந்த வெள்ளைக் காகிதம் பாட்டுக்குப் போதுமாகிவிட்டது. தைக்கிற ஞாயிறு அன்று வாசலில் நிற்க இடமில்லை. வெற்றிலைக் கறையும் அடுப்புப் புகையும் படிந்த தாள்களை எல்லோரும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். கெலிஓயாக்காரி தைத்த புத்தகத்தை முதலில் வாங்கினாள். ரோஸ் பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“எங்களுக்குப் படிப்பு இல்லீங்க. நீங்க கூப்புட்டுக் காட்டுங்க.”

கதையின் முடிவை அவள் கேட்கவே இல்லை. நான் முதல் பெயரை உரக்கப் படித்தேன். அவள் தலையிலிருந்த கம்பளியை எடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“இந்தா இருக்கேங்க” என்றாள்.

அடுத்த பெயரைப் படித்தேன். பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், “இருக்கேன் சாமி” என்றது. நானா தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். கடைசிப் பெயர்வரைக்கும் கூப்பிட்டு முடித்தேன். அன்றைக்கு வராதவர் என்று ஒருவரும் இல்லை.