மூணு ஷேடு ஏத்திருங்க

சந்தனமாரிக்கு வாயே கிடையாது என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. மேலகரத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். தென்காசியில் எங்கள் போட்டோ ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் ஒரு சத்தம் வராது. பரு எடுப்பது, கண்ணுக்குக் கீழே கருவளையம் போக்குவது, கல்யாணப் பெண்களை வெள்ளையாக்குவது எல்லாம் அவள் வேலை. ஆல்பம் ஒட்டுவதும் வாயடிப்பதும் என் வேலை.

சாப்பாட்டு நேரத்தில் மட்டும் போனைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வருவாள். யார் யாரோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்ட முகங்களைக் காட்டுவாள். உப்பளத்துப் பெண், லாரி டிரைவர், வெயிலில் கருத்து வியர்வை மினுங்கும் நெற்றி.

"ஜன்னத்து, இந்த மூஞ்சியப் பாரேன். ஒரு இடத்துலயும் கை வைக்கல. இப்படி ஒரு படம் நான் எடுத்துட்டா போதும்ட்டி" என்பாள். எனக்குச் சோறு ஆறுகிற எரிச்சல்.

சிவகிரி முத்துராஜுக்கு அவள் தலையாட்டியதே இந்தப் படங்களால்தான். பெண் பார்க்க வந்தவன் தன் போனைக் காட்டினானாம். அவள் ஹார்ட் போட்ட படங்களுக்கெல்லாம் அவனும் போட்டிருந்தானாம். அதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கணுமே! நிச்சயம் முடிந்தது. ஐந்தருவிப் பக்கம் இரண்டு பேரும் நிற்க, அவன் கூட்டாளி போட்டோ எடுத்தான்.

சிவகிரியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பால்வண்ணநாதன் அண்ணாச்சி, டச்சப் வேலையை எங்களுக்குத்தான் அனுப்புவார். அவருக்குச் சந்தனமாரியைப் போனில்தான் தெரியும், நேரில் பார்த்ததில்லை. பேருக்கேற்ற மனுஷர், அவர் அனுப்பும் பெண்கள் எல்லாம் பால் நிறத்தில் திரும்பிப் போகவேண்டும். போன வாரம் கல்யாண பிளெக்ஸுக்கு என்று ஒரு படம் அனுப்பினார். சந்தனமாரி திறந்தாள். ஐந்தருவியில் முத்துராஜோடு அவளே நிற்கிறாள்! நான் கை தட்டிச் சிரித்தேன். வேலை எங்களிடம் வருவது தெரியாமல் மாப்பிள்ளை பேசிய வாய்ஸ் மெசேஜையும் அண்ணாச்சி அப்படியே தள்ளிவிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, பொண்ணு ரொம்பக் கருப்பா இருக்கு. மூணு ஷேடு ஏத்திருங்க. தாடையில மச்சத்தையும் தூக்கிருங்க. எங்க சொந்தக்காரங்க பார்த்தா சிரிப்பாவ."

யா அல்லா! அவள் மெசேஜைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாதே. "நீ தினம் செய்யுத வேலைதானே, விடுட்டி" என்றேன்.

"அவளுவ கேட்டாளுவ, செஞ்சேன். இவன் என்னையக் கேட்டானா?"

அப்போதே அவனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். முதலில் தடுமாறினான். அப்புறம் சிரித்தான். "ஒரு பிளெக்ஸுதானே, இதுக்குப் போயா?"

"கருத்த மூஞ்சியா பார்த்துப் பார்த்து ஹார்ட்டு போட்டீங்களே, அதெல்லாம் என்ன?"

"அது படம்லா. இது பொண்டாட்டிலா."

போனை வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மவுசைப் பிடித்தாள். பாவி மக, வெள்ளையாக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் முகத்தை முழுசாக அழித்தாள். அப்புறம் தோள், சேலை, கால். அந்த இடத்தில் அருவியை நிரப்பினாள். கடைசியில் முத்துராஜ் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவள் தோளில் போட்டிருந்த கை அந்தரத்தில் நின்றது. அதையும் சரிசெய்யத் தெரியாதவளா அவள்? வேண்டுமென்றே விட்டாள். படத்தை அப்படியே சிவகிரிக்கு அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி பதறிக்கொண்டு சந்தனமாரிக்குப் போன் போட்டார். "என்னம்மா இது, பொண்ணைக் காணுமே!"

"பொண்ணு வர மாட்டாளாம் அண்ணாச்சி. மாப்பிள்ளைட்ட சொல்லிருங்க."