வாரேன் என்று சொன்ன துரை

அறுபதுகளின் தொடக்கம்; ஆண்டைக் குறித்துவைக்கத் தவறிவிட்டேன், மாதம் பங்குனி. ரெட்டியார்சத்திரம் அருகே எங்கள் ஊரார் வெட்டிய கிணறு பாறையில் நின்றுபோனது. வெடிவைக்கப் பணமில்லை; தோட்டங்கள் காய்ந்தன.

வெளிநாட்டுச் சிறு அறக்கட்டளை ஒன்றிலிருந்து, வெயிலில் சிவந்த நெட்டையர் ஒருவர் தமிழ் கற்றுக்கொண்டு வந்தார். ஊரார் பாதி வேலையை முடித்திருந்தால் மீதிக்குப் பணம் தருவது அந்த அறக்கட்டளையின் முறை. எந்தக் கிணற்றைக் கண்டாலும் கல்லைப் போட்டுக் காதைச் சாய்ப்பார். எங்கள் கிணற்றில் 'டங்' என்றது.

"போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார்.

"வந்துட்டாலும்!" என்று சிரித்தார் நாட்டாமை.

வைகாசியில் வெடிக்காரர்களோடு வந்து நின்றார். பாறை பிளந்தது, நீர் பொங்கியது, பெண்கள் குலவையிட்டார்கள். துரை கல்லைப் போட்டார்: 'தொபுக்!'

"நெசமாவே வந்துட்டீகளே தொரை!" என்றார் நாட்டாமை.

"வாரேன்னு சொன்னேனே?" என்று விழித்தார்.

அது வெறும் விடைபெறும் சொல் என்று அவருக்கு நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை.