சோம்புப் பூ போட்ட பால்

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருக்கும் கேன்டீன் அக்காவுக்கு மணம் தெரியாது என்பது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து நான் என்ன கிழித்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இருபத்தாறு வருஷம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தவர். முன்னூறு பேருக்கான பருப்பு அடிப்பிடிக்கப் போவதை, பக்கத்து அறையில் காய் நறுக்கியபடியே மூக்கால் கண்டுபிடித்துவிடுவாராம். பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் அது போனது. போகும்போது மூக்கையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு நாக்குக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒருநாள் முன்னூறு பேர் பருப்பும் தீய்ந்தது. மறுநாள் அவரே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

இப்போது மொட்டைமாடியில் பதினோரு பழைய பெயின்ட் வாளிகள். அவற்றில் கொத்தமல்லி, சோம்பு, நாட்டு மருந்துக்குப் போடும் சதகுப்பை. வெயில் ஏறியதும் கொத்தமல்லி இலை விடுவதை நிறுத்திவிட்டு நெடுநெடுவென்று வளர்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். மற்றவர்கள் என்றால் பிடுங்கி எறிந்துவிடுவார்கள்.

"கோடையில இலைக்கு வேலையே இல்ல தம்பி. வாசமெல்லாம் பூவுக்கும் பிஞ்சு விதைக்கும் ஏறிடும்" என்பார் அக்கா, தன்னால் முகரவே முடியாத ஒன்றைப் பற்றி. தினமும் காலையில் ஒரு பூவைக் கசக்கி மூக்கருகே வைத்துக்கொண்டு, நூறு எண்ணும் வரை நிற்பார். பிறகு கையைக் கழுவிவிட்டு வாளிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போவார். அந்தக் காட்சியை இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை பார்க்க எனக்குத் தெம்பில்லை.

சாயங்காலம் என் கதவைத் தட்டி ஒரு கிண்ணம் நீட்டுவார். பச்சைக் கொத்தமல்லி விதையைத் தட்டிப் போட்ட உருளைக்கிழங்கு வறுவல், பூ தூவிய தயிர், இப்படி ஏதாவது இருக்கும். வாசலிலேயே நின்றபடி என் முகத்தைப் பார்ப்பார்.

"எப்படி இருக்கு தம்பி?"

"நல்லா இருக்குக்கா."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பகல் முழுக்க அடுத்தவன் தப்பைத் தேடுவதுதான் பிழைப்பு. சாயங்காலமும் அதையே செய்ய எனக்கு உடம்பு வணங்கவில்லை. நல்லா இருக்கு என்று சொன்னால் பேச்சு சீக்கிரம் முடியும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். இப்படி ஒரு சோம்பேறி நாக்கை நம்பித்தான் அந்த அம்மாள் சமைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகன், வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். மூன்று வருஷமாக வராதவன், போன கோடையில் ஒரே ஒரு நாள் வருவதாகச் சொன்னான். மூக்கு விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை.

"போன் பண்ணா அவன் கேக்கறதே 'என்னம்மா சமைச்சே'ன்னுதான். அதையும் எடுத்துட்டா எங்க ரெண்டு பேருக்கும் பேச என்ன இருக்கு, சொல்லுங்க?" என்றார் என்னிடம்.

சின்ன வயதில் அவனுக்குப் பிடித்தது சுண்டக் காய்ச்சிய பால். அதில் சோம்புப் பூவை ஊறவிட்டு, வடிகட்டி, சர்க்கரை போட்டுத் தருவாராம். அதைத்தான் செய்வதென்று முடிவு. இதற்கிடையில் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவர்கள் வாளிகளை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். சோம்பும் சதகுப்பையும் ஒரே ஜாடை. நூல் நூலாய் இலை, மஞ்சள் குடையாய்ப் பூ. முகர்ந்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அவன் வருவதற்கு முன் மூன்று தடவை எனக்குச் செய்து கொடுத்தார். முதல் வாயிலேயே மருந்துக்கடை அலமாரியைத் திறந்தது போல இருந்தது. மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் குடித்தேன். மூன்று தடவையும் வாய் கூசாமல், "நல்லா இருக்குக்கா."

மகன் வந்தான், போனான். அன்று சாயங்காலம் அக்கா மூச்சிரைக்க இறங்கி வந்தார். "ஒரு சொட்டு வைக்கல தம்பி. இன்னொரு டம்ளர் வேற கேட்டான்." அத்தனை சிரிப்பை நான் அந்த முகத்தில் பார்த்ததில்லை. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

ஒரு மாதத்தில் பூவெல்லாம் விதையாகிக் காய்ந்தன. கண் தெரியுமே அவருக்கு. ஒரு சாயங்காலம் கிண்ணம் இல்லாமல் வந்து, உள்ளங்கையை நீட்டினார்.

"இது என்ன விதை?"

தட்டையாக, ஓரத்தில் மெல்லிசாக இருந்தது. "சதகுப்பைக்கா."

"பால்ல நான் போட்டது இந்தச் செடியோட பூவைத்தான். நீங்க மூணு தடவை குடிச்சீங்க."

என் கை கதவுப் பக்கம் போனது.

"உங்கள விடுங்க, வெளி ஆளு. அவன் ஏலக்காய் ஒண்ணு கூடிப்போனாலே துப்பிட்டு என்னைத் திட்டற பய. அவன் இதை ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கான் தம்பி. விருந்தாளி மாதிரி குடிச்சிட்டுப் போயிருக்கான்."

கதவை அவரே சாத்திவிட்டு மாடியேறினார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நான்கு நாள் யாரும் கதவைத் தட்டவில்லை. ஐந்தாம் நாள் நானே கிண்ணத்தோடு மேலே போனேன். அக்கா அதில் உருளைக்கிழங்கு வறுவலைப் போட்டார். தின்றேன்.

"கொத்தமல்லி விதை தீஞ்சிடுச்சுக்கா."

"கொஞ்சமா, நிறையவா?"

"நிறைய. வாயில வைக்க முடியல."

கிண்ணத்தை வாங்கிக் குப்பையில் கொட்டினார். அடுப்பைப் பற்றவைத்தார். "உக்காருங்க" என்றார். அந்த வீட்டில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"பையன்கிட்ட சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"இல்ல. பால் ஏம்மா அப்படி இருந்துச்சுன்னு அவனாக் கேக்கட்டும். அப்ப சொல்றேன்."

இது அடுத்த கோடை. கொத்தமல்லி மறுபடி பூத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே போன் அடிப்பது என் அறைக்குக் கேட்கிறது. என்ன சமைத்தாய் என்று கேட்கிறானாம். அந்தப் பாலைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கவில்லை.