கை நுழையாத ஜாக்கெட்

போன மாதம் ஒரு ஜாக்கெட் என் பிழைப்பைக் காப்பாற்றியது. அதுவும் என்னுடையது இல்லை. குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் செல்வியின் ஜாக்கெட்.

சிரிக்காமல் கேளுங்கள்.

கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, அந்த மாத நாவல்களில் என் பெயரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வருடமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். எழுத வரவில்லை. உட்கார்ந்தால் முதுகு வலித்ததே தவிர கதை வரவில்லை. போதும், வாராவாரம் வரும் இந்தப் பத்தியோடு காலத்தை ஓட்டிவிடலாம் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

அப்போதுதான் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் அண்ணன் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். அங்கே ஒரு புத்தகக் கடை. கடைக் கண்ணாடி முழுக்க ஒரே பெண் எழுத்தாளரின் நாவல்கள். நம்மைப் போலக் குடும்பக் கதை எழுதுகிறவராம். பஸ்ஸில் ஏறினாலும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் பக்கத்து ஆள் கையில் அவர்தானாம்.

“அவங்க இன்னும் விடாம எழுதறாங்க அத்தே. நீ ஏன் நிறுத்திட்ட?”

ரோஷம் வந்துவிட்டது. பதிப்பாளருக்கு போன் போட்டு, ஒரு நாவல் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ராட்சசி மாதிரி எழுதினேன். கடைசிக்கு முந்தின அத்தியாயம் முடிந்ததும் எழுதின காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு ஓடினேன், ஹபீபாவிடம்.

ஹபீபா டெய்லர். என் முதல் நாவலிலிருந்து அவள்தான் எனக்கு ஜட்ஜ். நான் ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பேன், அவள் தைத்துக்கொண்டே கேட்பாள். கருத்து? வாயைத் திறக்க மாட்டாள். “எனக்கு இன்னாக்கா தெரியும்?” என்பாள். ஆனால் அவள் கால் பொய் சொல்லாது. கதை பிடித்துப்போனால் மிதிக்கிற கால் தானாக நின்றுவிடும். மெஷின் நின்றால் அத்தியாயம் பாஸ். நிற்காமல் ஓடினால் வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போடுவேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தத் தீர்ப்பு தப்பியதில்லை.

நான் எழுதாமல் இருந்த அந்த இரண்டு வருடத்தில் அவளுக்கு முட்டி வலி. பிள்ளை மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொடுத்தான். அன்றைக்கு நானும் போயிருந்தேன். ஜிலேபி தின்றுவிட்டு வந்தேன்.

சரி, படிக்க ஆரம்பித்தேன். இருபது வருடமாகப் பேசாத அக்காவும் தங்கையும் மீன் மார்க்கெட்டில் எதிரெதிரே வந்து நிற்கிற கட்டம். எழுதும்போது நானே மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதியது. படிக்கிறேன்… மெஷின் ஓடுகிறது. அக்கா கூடையைக் கீழே வைக்கிறாள்… மெஷின் ஓடுகிறது. தங்கை வாயைத் திறக்கிறாள்… அப்போதும் ஓடுகிறது!

அத்தியாயம் முடிந்தது. ஹபீபா துணியைப் பார்த்துக் குனிந்தே இருந்தாள். நான் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

“இன்னாக்கா, டீ சொல்றேன், குந்து.”

“வேலையிருக்கு” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தெருவில் நடக்கும்போது அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து பதிப்பாளரிடம் போனில் சொன்னேன், என்னால் முடியவில்லை, வேறு யாருடையதையாவது போட்டுக்கொள்ளுங்கள் என்று. நல்ல மனுஷர். “திங்கட்கிழமை வரைக்கும் பார்க்கிறேன் மேடம், அதுக்கப்புறம் வேற பேரு அறிவிச்சுடுவேன்” என்றார். கட்டைக் கொண்டுபோய்ப் பழைய பேப்பரோடு சேர்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹபீபாவின் போன்.

“அக்கா, ஒடனே வா. இந்தச் செல்வி என்னை உண்டு இல்லன்னு பண்றா. நீதான் வந்து சொல்லணும்.”

நான் என்ன சொல்ல? போனேன். கடை நடுவில் செல்வி ஒரு ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கச்சி மகள் நிச்சயதார்த்தத்துக்குத் தைக்கக் கொடுத்த பச்சை ஜாக்கெட்.

“நீயே பாரும்மா. இதுல கை எப்படி நுழையும்? இன்னா, எனக்குக் கை இல்லன்னு நெனச்சிக்கிச்சா இந்தக்கா?”

பார்த்தேன். இரண்டு கையிலும் பக்கத் தையல் கீழே வரைக்கும் வந்து, அப்படியே திரும்பி, கை நுழைகிற வாயையும் சேர்த்து அடைத்திருந்தது. ஹபீபா கையில் இப்படி ஒரு தையலா?

“நான் இன்னா பண்ணுவேன்?” என்றாள் ஹபீபா. “இந்தக்கா கத படிச்சிது. அந்த அக்காக்காரி கூடைய கீழ வச்சாளா… எனக்குக் கையும் தெரியல, துணியும் தெரியல. கண்ணு மறைக்குது, எங்க நிமிந்து பாக்கறது? காலு பெடல்ல கெடந்துது, மோட்டாரு பாட்டுக்கு ஓடுது.”

கால் நின்றுதான் போயிருக்கிறது! நின்ற கால் பெடல் மேலேயே இருந்தால் மோட்டார் எப்படி நிற்கும்? ஜிலேபி தின்னத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. ஒரு ஜாக்கெட் பாழானதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட பெண் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

“ஏன் அன்னைக்கே சொல்லல?” என்று ஹபீபாவிடம் கத்தினேன்.

“நீ கேக்கவே இல்லியே. டீகூட குடிக்காம எழுந்து ஓடிட்ட.”

செல்விக்குக் கோபம் ஆறவில்லை என்றுதான் நினைத்தேன். ஜாக்கெட்டை மெஷின் மேல் போட்டாள். இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

“அது கெடக்கட்டும், பிரிச்சித் தச்சிக்கலாம். கதயெல்லாம் இந்தக்கா சொல்லிச்சி. அந்த அக்காவும் தங்கச்சியும் பேசிக்கிட்டாங்களா, இல்லியா?”

“இன்னும் எழுதலம்மா.”

“எழுதலியா? அப்ப இங்க இன்னா பண்ற? போ, போயி எழுது!”

போனேன். பழைய பேப்பர்க் கட்டைப் பிரித்தேன். திங்கட்கிழமை காலை பதிப்பாளருக்கு நானே போன் போட்டேன். நாவல் அடுத்த மாதம் வருகிறது. இப்போதெல்லாம் ஹபீபா, நான் மூக்குக் கண்ணாடியை மாட்டியதுமே மோட்டார் சுவிட்சை அணைத்துவிடுகிறாள்.

அந்த அயர்லாந்து அம்மாவின் புத்தகங்கள் கடைக் கண்ணாடி முழுக்க அடுக்கியிருந்ததைப் பார்த்தேன் இல்லையா? அவர் ஊரில் எத்தனை பேர் கை நுழையாத சட்டையோடு நிற்கிறார்களோ!