நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்கள்

என் அக்கா புருஷன் வேதியியல் ஆராய்ச்சியாளர். இருபத்தாறு வருஷத்தில் முப்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கிறார். முப்பதை அவரே அடுத்த கட்டுரையில் மேற்கோள் காட்டிக்கொண்டதோடு சரி, வேறு யாரும் சீண்டவில்லை. மிச்சமிருந்த ஒன்றுதான் குடும்ப மானத்தைக் காப்பாற்றியது. உலகம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன.

மாமா பல் துலக்குவதற்கு முன்பே கணினியைத் திறந்து அந்த எண்ணைப் பார்ப்பார். ஒன்று கூடியிருந்தால் அன்றைக்கு யார் என்ன கேட்டாலும் கிடைக்கும். அக்கா விவரமானவள். எண் ஏறின நாளாகப் பார்த்துத்தான் புதுத் திரைச்சீலை பற்றிப் பேச்செடுப்பாள்.

விஷயம் இதுதான். பல்லேடியம் என்ற உலோகத்தைச் சேர்த்தால்தான் நடக்கும் என்று எல்லோரும் நம்பிய ஒரு வேதிவினையை, மாமா உலோகமே இல்லாமல் நடத்திக் காட்டியிருந்தார். அந்த ஒரு கட்டுரையை வைத்து அவரைப் பேராசிரியராக்கப் பேச்சு நடந்தது. நேர்காணலுக்குப் பத்து நாள் இருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி, மாமா அந்த வினையைப் புதுச் சாமான்களில் மறுபடி செய்து பார்த்தார். மூன்று நாளாகியும் நடக்கவில்லை. குடுவைக்குள் சுழன்று கலக்கிவிடும் மாத்திரை அளவுக் காந்தம் ஒன்று உண்டு. பழைய காந்தத்தைத் தேடியெடுத்துப் போட்டார். ஜம்மென்று நடந்தது. பார்த்தால் அதன் வெள்ளைப் பூச்சில் ஒரு கீறல், கீறல் நிறைய கறுப்பு. ஏதோ பழைய சோதனையில் ஒட்டிய பல்லேடியம். புதுசு வாங்க மனசில்லாமல் கழுவிக் கழுவி அதையே போட்டவரும் மாமாதான்.

"இத யாரு பாத்தாங்க?" என்றாள் அக்கா.

"நான்தான்."

"அப்ப யாரும் பாக்கல. அதத் தூக்கிப் போட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருங்க."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நானும் அக்கா கட்சிதான். "நானூத்திப் பன்னெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்களே மாமா, அவங்கல்லாம் முட்டாளா?"

அன்றைக்குத்தான் மாமா அந்த நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரைகளையும் படிக்க உட்கார்ந்தார். அதுவரை எண்ணியதோடு சரி. முந்நூறுக்கும் மேற்பட்டவற்றில், "எங்களுக்கு வரவில்லை" என்று மிக மரியாதையாக எழுதியிருந்தது. ஊரே கேலி செய்திருக்கிறது, நாங்கள் கைதட்டல் என்று நினைத்திருக்கிறோம்.

கட்டுரையைத் திரும்பப் பெற்று, காந்தத்தின் படத்தோடு காரணத்தையும் வெளியிட்டார். நேர்காணல் ஏழு நிமிடத்தில் முடிந்தது. பதவி அவரைவிடப் பத்து வயது சின்னவருக்குப் போனது. அக்கா ஒரு வாரம் மாமாவோடு பேசவில்லை.

அப்போது முகம் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து கடிதம் வந்தது. "உங்கள் வினை எனக்கு வரவே இல்லை. எனக்குக் கைராசி இல்லை என்று நாலு வருஷத்துக்கு முன் ஆராய்ச்சியை விட்டுவிட்டேன். தப்பு என் கையில் இல்லை என்று இப்போது தெரிந்தது. நன்றி."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நாலு வருஷத்தத் தின்னுட்டேன்" என்றார்.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒங்க ஆய்வகத்துல ஒரு இடம் காலியாத்தான கெடக்கு? அந்தப் பொண்ணுக்கு எழுதுங்க."

மாமா முன்னுரை, முடிவுரையோடு நாலு பக்கம் எழுதினார். அக்கா கிழித்துப் போட்டாள். "மன்னிப்பு மூணாம் பக்கத்துலயா வரும்?"

கடைசியில் இரண்டே வரி போனது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "எப்போது சேரலாம்?"