கோரை பிடுங்கிய மார்கழி

சென்னையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் வரைந்து பிழைத்தவன் நான். கால்வாயோ கழிப்பறையோ, எதுவானாலும் காகிதத்தில் அதன் கோடு நேராக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் கொள்கை. தரையில் அது என்ன ஆயிற்று என்று ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான தென்காசிக்கே திரும்பினோம். வந்த மூன்றாம் மாதம் ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். காலையில் இரண்டு மணி நேரம் நான் வீட்டில் இருக்கக் கூடாது என்று என் மனைவி அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டாள்.

அப்படித்தான் குற்றாலம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் குளக்கரைப் பூங்காவில் போய்ச் சேர்ந்தேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து குளம் நிறைந்திருந்தது. மார்கழி பிறந்ததும் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். முதல் நாள் குரங்குக் குல்லாய், மப்ளர், காதில் பஞ்சு, ஸ்வெட்டருக்குள் இன்னொரு ஸ்வெட்டர் என்று போய் நின்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் பனியனோடு கையை வீசிக்கொண்டிருந்தார்கள். ஐயப்ப பக்தர்கள் அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு அந்த வழியாக நடந்து போனார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "சாமி, காச்சலா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

பூங்காவில் நடப்பவர்களுக்கு ஒரு குழு இருந்தது. தலைவர் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. குனிவது, நிமிர்வது, சிரிப்பது எல்லாம் விசிலுக்குத்தான். சிரிப்புப் பயிற்சியின்போது ஒழுங்காகச் சிரிக்காதவர்களை முன்னால் கூப்பிட்டுத் தனியாகச் சிரிக்கச் சொல்வார். நான் இரண்டு முறை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பூங்காவைச் செம்மைப்படுத்தும் வேலை தொடங்கியது. புது பெஞ்சுகள் வந்தன, நடைபாதைக்குக் கல் பதித்தார்கள், சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். மற்றதைக் குழுவே பார்த்துக்கொள்ளலாம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் தலைவர், "இனி என்ன செய்யலாம்னு ஆளாளுக்கு யோசிச்சிட்டு வாங்க" என்றார். மற்றவர்கள் யோசிக்காமல் வந்தார்கள். நான் மேசை அகலத்துக்கு ஒரு வரைபடத்தோடு வந்தேன்.

பூங்காவை ஒட்டிக் குளத்துக்குள் ஒரு மூலை உண்டு. கோரையும் ஆகாயத்தாமரையும் பின்னிக்கொண்டு, வாராத தலைபோலக் கிடக்கும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை நமநமவென்று இருக்கும். என் திட்டப்படி அதை முழுக்க அகற்றிவிட்டு, கரையில் மூங்கிலால் ஒரு பார்வை மேடை கட்ட வேண்டும். அதில் நின்று பிள்ளைகள் பறவை பார்க்க வேண்டும். பொங்கல் கழிந்த ஒரு காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப் பறவை நாள் கொண்டாட வேண்டும். இத்தனைக்கும் எனக்குத் தெரிந்த பறவைகள் காக்கை, குருவி, கொக்கு. வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறிகூட இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

கேள்வி கேட்டது ஒரே ஒருவர். பூங்காவைப் பெருக்கும் அம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். தினமும் விடியுமுன் பக்கத்து ஊரான வடகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். நான் கயிறு பிடித்து மூலையை அளந்துகொண்டிருந்தபோது துடைப்பத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இதையா எடுக்கப் போறிய?"

"ஆமாம். சுத்தமாக்கப் போறோம்."

"கெடந்துட்டுப் போட்டுமே. உள்ள கோழி கெடக்கு."

நான் அளப்பதை நிறுத்தினேன். "கோழியா? யாரோட கோழி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரோடதும் இல்ல. அதுபாட்டுக்குக் கெடக்கும்."

"வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால உரியவங்ககிட்டச் சொல்லிப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லிடுங்க" என்றேன், மிகவும் பொறுப்போடு.

"சரி, சொல்லிப் பாக்கேன்" என்று அவர் பெருக்கப் போய்விட்டார். போகும்போது அவர் முதுகு குலுங்கியது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனியும் ஞாயிறும் வேலை நடந்தது. கரையிலிருந்து ஜேசிபி கை நீட்டி வாரியது. வராததைக் குழுவினர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தார்கள். நான் புதிதாக வாங்கிய முழங்கால் பூட்ஸோடு கரையில் நின்று, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்ஸில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஞாயிறு சாயங்காலம் அந்த மூலை கண்ணாடிபோல ஆகிவிட்டது. மலை அதில் தலைகீழாகத் தெரிந்தது. நான் எடுத்த படத்தைக் குழுவின் வாட்ஸாப்பில் போட்டேன். கும்பிடும் கைகளும் கட்டைவிரல்களும் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் மனைவிக்குக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "இந்த ஆர்வம் நம்ம பரண்ல இருக்கிற குப்பை மேல வந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

மேடை எழுந்தது. பறவைப் பலகையும் நானே வரைந்தேன். ஒரு புத்தகத்தைப் பார்த்து இருபது பறவைகள், எல்லாம் அளவுகோல் வைத்து. நீர்க்காகத்தின் கழுத்து குழாய் இணைப்பு மாதிரி வந்திருந்தது. தாழைக்கோழி என்ற ஒன்றை வரையும்போது, அந்த அம்மா சொன்ன கோழி ஒரு கணம் மனத்தில் தட்டியது. அதற்குள் பெயிண்ட் காய்ந்துவிடும் போலிருந்ததால் அடுத்த பறவைக்குப் போய்விட்டேன்.

பறவை நாள் வந்தது. பக்கத்துப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியையும் பனியோடு பனியாக வந்து இறங்கினார்கள். தலைவர் விசில் ஊதி இரண்டு வரிசையாக நிறுத்தினார். நான் தொப்பி அணிந்து, கழுத்தில் இரவல் பைனாகுலரைத் தொங்கவிட்டு, மேடையில் ஏறி உரை நிகழ்த்தினேன். வெகுதூர தேசங்களிலிருந்து பறவைகள் நம்மை நம்பி வருகின்றன என்று சொன்னதாக ஞாபகம். பிறகு கையை நீட்டி, "பாருங்கள்!" என்றேன்.

எல்லோரும் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தது. தண்ணீரைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

கால் மணி நேரம் ஆயிற்று. தொலைவில் கறுப்பாக ஒன்று மிதந்ததைக் கண்டு, "அதோ முக்குளிப்பான்! இப்போது முங்கும், கவனியுங்கள்" என்றேன். அது முங்கவில்லை. முன் வரிசையில் நின்ற ஒரு சின்னப் பெண் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "சார், அது செருப்பு" என்றாள். பைனாகுலரில் பார்த்தேன். இடது கால் செருப்பு. கடைசியில் எங்கிருந்தோ ஒரு காக்கை வந்து என் பறவைப் பலகையின் மேல் உட்கார்ந்து, நீர்க்காகத்தின் மேல் எச்சமிட்டுவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைக்கு அந்த மேடையிலிருந்து கண்ட ஒரே பறவை அதுதான்.

தலைவர் மெதுவாக என் காதருகே வந்தார். "என்ன அண்ணாச்சி, அக்யூஸ்ட் ஒருத்தனையும் காணோம்? எல்லாவனும் தலைமறைவா?"

எனக்குக் காது வரை சுட்டது. அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் குல்லாய் தேவைப்படாத ஒரே காலை அதுதான். அப்போது பெருக்கிக்கொண்டிருந்த அம்மா துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்தார்.

"அண்ணாச்சி, எல்லாம் அங்கன மடைப் பக்கம் போயிட்டு. இருந்த வீட்டப் பிரிச்சுப் போட்டுட்டு இங்கன நின்னு ஆளத் தேடுதியளே, அது எப்படி வரும்?"

"வீடா?"

"கோரைக்குள்ள கோழி கெடக்குன்னு அன்னைக்கே சொன்னம்லா. நீங்க யாரு கோழின்னு கேட்டிய."

நாற்பது பிள்ளைகள், ஓர் ஆசிரியை, ஓர் இன்ஸ்பெக்டர் முன்னால் எனக்கு அது விளங்கியது. குளத்துக்குள் என்ன வளர்ந்திருக்கிறது என்று தெரியாமல், அதன் கோடு கோணலாக இருக்கிறது என்பதற்காக அதை அழித்திருக்கிறேன். அதுவும் பறவைகள் வர வேண்டும் என்பதற்காக. யாராவது திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. யாரும் திட்டவில்லை. ஆசிரியைதான், "அக்கா, அங்க எங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

"கூட்டிட்டுப் போவேன். சகதியா இருக்கும். சத்தம் போடப்பிடாது" என்ற அம்மா தலைவரைப் பார்த்து, "நீங்களும் அத ஊதப்பிடாது" என்றார். தலைவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு அம்மா தன் துடைப்பத்தை என்னிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் பிடிச்சிக்கிடுதியளா?"

கரை வழியாக வரிசை நகர்ந்தது. முன்னால் அவர், பின்னால் பிள்ளைகள், கடைசியில் பைனாகுலரும் துடைப்பமுமாக நான். மடைக்குப் பக்கத்தில் கரை சரிந்து இறங்கும் இடத்தில் என் பூட்ஸ் வழுக்கியது. உட்கார்ந்த நிலையிலேயே சுமார் பத்தடி போனேன். துடைப்பத்தை மட்டும் விடவில்லை. பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது என்ற கட்டளைக்குக் கட்டுப்பட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சகதியில் உட்கார்ந்தபடியேதான் நான் முதன்முதலாக நீலத் தாழைக்கோழியைப் பார்த்தேன். ஊதா உடம்பு, செக்கச்சிவந்த நெற்றி. ஒரு காலால் கோரைத் தண்டைப் பிடித்துக்கொண்டு, கரும்பு தின்பதுபோல நிதானமாகக் கடித்தது. அதற்கப்பால் இலைகளின் மேல் நீண்ட விரல்களால் நடந்துபோன ஒன்று. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு பத்துப் பதினைந்து நாமக்கோழிகள். வயலுக்குப் போகும் வாய்க்காலும் ஊர்ச் சாக்கடையும் கலக்கும் அந்த இடத்தை நான் என் வரைபடத்தில் 'பயனற்ற பகுதி' என்று எழுதிச் சாய்வுக் கோடு போட்டிருந்தேன்.

அம்மா பிள்ளைகளிடம் கிசுகிசுத்தார். "அந்தா நீலக்கோழி. இப்பம் வாலத் தூக்கும் பாருங்க, வெள்ளையாத் தெரியும்." அது வாலைத் தூக்கியது. "இந்தச் சின்னது ஆளக் கண்டா முங்கிரும். எங்க எந்திரிக்கும்னு சொல்லுங்க பாப்போம்." பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். அது யாரும் காட்டாத இடத்தில் தலையை நீட்டியது. புத்தகத்தில் உள்ள பெயர்களைச் சொல்லலாம் என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இடுப்புக்குக் கீழே சகதியாக இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து, என் தவறுதான், குழுவிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றேன். தலைவர், "அதெல்லாம் முடியாது. குத்தத்தை ஒத்துக்கிட்டதால விடுதலை கெடையாது, ஊர்லேயே இருந்து கையெழுத்துப் போடணும்" என்றார். மடைப் பக்கத்தை யாரும் தொடுவதில்லை என்று தீர்மானம் போட்டோம். குழுவின் வரலாற்றில் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எடுக்கப்பட்ட முதல் தீர்மானம் அது. அதை நான்தான் எழுதினேன்.

நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பிடுங்கியதைத் திரும்ப நட்டாக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஒரு ஆட்டோ நிறைய கோரைக் கிழங்கு கொண்டுவந்து, இந்த முறை பூட்ஸ் நிறையத் தண்ணீர் ஏற உள்ளே இறங்கினேன். மூன்று நாள் நட்டேன். இரண்டாம் நாள் மனைவி காபி கொண்டுவந்தாள். கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தவள், "இதுக்கும் கயிறு பிடிச்சிருக்கீங்களே" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கோரை, ராணுவ அணிவகுப்புபோல, ஒன்றரையடி இடைவெளியில் நேர்கோட்டில் நின்றது. கை தன் பாட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறது. பெருக்கும் அம்மா துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். தலைவரின் விசில் இல்லாமல் அந்தப் பூங்காவில் நான் கேட்ட முதல் அசல் சிரிப்பு.

நான் நட்டதில் பாதி கோடையில் காய்ந்தது, மீதியை எருமை தின்றது. ஆனால் அடுத்த மழைக்குப் பிறகு, நான் கயிறே பிடிக்காத ஓரத்தில் கோரை தானாக முளைத்துக் கன்னாபின்னாவென்று பரவியிருந்தது. கார்த்திகைக் கடைசியில் அதற்குள்ளிருந்து 'குர்ர்க்' என்று ஒரு குரல். என்ன கோழி என்று எனக்குத் தெரியவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. அந்தப் பக்கம் நடக்கும்போது மட்டும் இருமலை அடக்கிக்கொண்டேன்.

இந்த வருடப் பறவை நாளை நடத்தித் தரும்படி குழு அந்த அம்மாவைக் கேட்டது. "நான் என்னத்தப் பேச? எனக்கு மேடையெல்லாம் வேண்டாம், நேரா மடைக்குப் போயிருவோம்" என்றார். பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கினால்தான் வழுக்காது என்பது அவர் கட்டளை. எனவே எனக்கும் ஒரு பொறுப்பு கிடைத்தது. நாற்பது ஜோடிச் செருப்பையும் கரையில் காவல் காப்பது.

குளிர் நன்றாகவே இருந்தது. பனியன் போதவில்லை, ஒரு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சகதிக்குள் ஒருவர் பின் ஒருவராக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் செருப்புகள் கண்டபடி கிடந்தன. அடுக்கி வைக்கலாம் என்று குனிந்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.