பாரிஸ் டாக்டருக்கு ஒரு கேசட்

டெக்சாஸில் இருந்துகொண்டு பாரிஸுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? தாராளமாக முடியும். டல்லாஸுக்கு வடகிழக்கே பாரிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. இப்போது அங்கே தொப்பி போட்ட ஈஃபில் டவர் ஒன்று நிற்கிறது. நான் போன 1986 அக்டோபரில் அதுவும் கிடையாது; புல்வெளியும் வைக்கோல் உருண்டைகளும்தான்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. திருச்சியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்த பாஸ்கர் அங்கே டாக்டர். அந்த மார்ச்சில் நான் திருச்சி போனபோது அவன் அம்மா தன் குரலைப் பதிந்து ஒரு கேசட் கொடுத்தார். "சீனு, தபால்ல போட்டுடாதேப்பா. அவன் கையில குடு." அப்போதெல்லாம் ஊருக்குப் போய்வருகிறவன்தான் எங்களுக்குத் தபால்காரன். மற்றவர்களின் ஊறுகாய், அப்பளத்தை எல்லாம் ஒரே வாரத்தில் பட்டுவாடா பண்ணிவிட்டேன். பாஸ்கருக்கு மட்டும் எனக்கு நேரம் வரவில்லை.

"போஸ்ட்லயாவது போடேன்டா" என்று போனில் கேட்பான். "அம்மா கையில குடுக்கச் சொல்லியிருக்காங்கடா. நெக்ஸ்ட் வீக்கெண்ட் டிரைவ் பண்ணி வந்துடறேன்" என்பேன். செப்டம்பரில் அவன் அம்மா இறந்துபோனார். கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றதால் அவனால் ஊருக்குப் போக முடியவில்லை. அதற்குப் பிறகு அவன் கேசட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் சாத்தட்டும் என்று கிளம்பினேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, டல்லாஸை ஒட்டி நான் குடியிருந்த ரிச்சர்ட்சனிலிருந்து காரில் கிளம்பினேன். 75-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஷெர்மன், அங்கிருந்து 82-இல் கிழக்கே. சுமார் நூற்றுப் பதினைந்து மைல், இரண்டரை மணி நேரம். வழியில் பான்ஹமில் காபி ஐம்பது சென்ட். வாயில் வைக்க முடியவில்லை. பாரிஸைத் தாண்டி மண் சாலையில் வழி தப்பி, டிராக்டரில் வந்த ஒருவரிடம் விசாரித்தேன். "நம்ம டாக்டரா? சிவப்புக் கொட்டகைக்கு அப்புறம் இடது பக்கம்" என்றவர், "பாவம், அவர் அம்மா தவறிட்டாங்க, தெரியுமா?" என்றும் கேட்டார். தலையாட்டினேன்.

பாஸ்கர் வாசலில் நின்றான். வா என்று சொல்லவில்லை. கேசட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "உன் கார்லயே போடு. தனியா கேக்க எனக்குத் தைரியம் இல்லடா" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.

முதலில் குக்கர் விசில். பிறகு அம்மா. மழை, தங்கைக்கு வந்த வரன், முழங்கால் வலி என்று இருபது நிமிடம். கடைசியில்: "சீனு கையில குடுத்தனுப்பறேன். அவன் பள்ளிக்கூடத்துக்கே லேட்டா வர்றவன், திட்டாதே. தபால்ல போட்டா நீங்க ரெண்டு பேரும் எங்க பாத்துக்கப் போறீங்க? வந்தான்னா சாப்பாடு போட்டு அனுப்பு."

வெட்கமே இல்லாமல் அழுதேன். பாஸ்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "உன்னை நல்லாத் திட்டணும்னு ஒரு மாசமா வச்சிருந்தேன். அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டாங்க" என்றான். "வா, ரசம் வச்சிருக்கேன்."

போக நினைப்பவர்கள் ஷெர்மனிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து யாராவது எதையாவது கொடுத்தனுப்பினால் அந்த வாரமே கிளம்பிவிடுங்கள். நான் அப்படிக் கிளம்பியிருந்தால், பாஸ்கர் அன்றைக்கே திருச்சியில் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைக் கூப்பிடச் சொல்லி, "சீனு வந்தான்மா, சாப்பாடு போட்டேன்" என்று சொல்லியிருப்பான்.